சாம்பலில் கிடக்கும் சுருள்கம்பி

அண்ணா,

நீ மூட்டிய தீ அணைந்து முப்பத்தொரு மணி நேரம் ஆகிவிட்டது, விறகடுப்பு ஆறியிருக்கும். சாம்பலைத் தகர வாளியில் அள்ளு. பிளாஸ்டிக் வாளி வேண்டாம், கங்கு ஒளிந்திருந்தால் உருகிவிடும். புகைக்குழாய்க்குக் கம்பி பிரஷ் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அடுப்புக் கண்ணாடியை ஈரத்தாளில் சாம்பல் தொட்டுத் தேய், கரி போய்விடும்.

அடியில் ஒரு சுருள்கம்பி கிடைக்கும். "ஆராய்ச்சி நோட்டு இல்லாம நீ எப்படிப் போறேன்னு நானும் பாக்குறேன்டி" என்று அடுப்பில் போட்டாயே, அந்த நோட்டின் கம்பி.

சோறு மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு.: நீ இதைப் படிக்கும்போது என் நோட்டு என்னோடு ரயிலில் இருக்கும். நீ முதலில் மிரட்டிய அன்றே, ஒரே மாதிரி இருந்த நம் நோட்டுகளின் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். எரிந்தது நீ எட்டு வருடமாக எழுதிய நாவல்.