மார்கழிக் குளியலும் சீனப் பொட்டலமும்

மார்கழி 7, புதன் இரவு

விடியலுக்கு முன் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றியதுமே தும்மல் பிடித்துக்கொண்டது. மாலைவரை இருமல். பக்கத்து வீட்டு ஆ மோய், சீன மருந்துக்கடைக்காரர் மனைவி, பலகைச் சுவர் வழியே எல்லாம் கேட்டிருக்கிறாள். ஒரு பொட்டலத்தோடு வந்துவிட்டாள். சீனர் கணக்கில் இன்று குளிர்காலத் திருநாளாம், ஆண்டிலேயே நீண்ட இரவாம். இனி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டுமாம், குளிர்ந்த நீர் கூடவே கூடாதாம்.

தை பிறக்கும்வரை நேர்ந்துகொண்ட குளியல், விடமாட்டேன் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "விடிஞ்சா சாமிக்கு. ராத்திரி காலுக்கு, லா" என்று பொட்டலத்தை என் கையில் வைத்தாள். காய்ந்த இலையும் இஞ்சியும். வெந்நீரில் போட்டுப் பாதத்தை ஊறவைக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "வேர்த்து ஊத்துற ஊர்ல என்ன குளிர்காலம்? நாளைக்கும் இருமினா குளியலை நிறுத்திடு."

வந்த கோபத்தில் அவர் எதிரிலேயே ஒரு தகரப் பேசினை வைத்து, பொட்டலத்தைக் கொட்டி வெந்நீரை ஊற்றினேன். மரிக்கொழுந்து போல ஒரு வாசம் கிளம்பியது. துண்டு எடுத்துத் திரும்புவதற்குள் அவர் கால் பேசினுக்குள்.

"சூடு பாத்தேன்" என்றார்.

நாளெல்லாம் ரயில் தண்டவாளத்தில் நடக்கிற கால். திட்ட வாய் வரவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு என் காலையும் உள்ளே திணித்தேன். அப்படியே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இருமல் அடங்கியிருக்கிறது.

"குளியலை நிறுத்தணுமா?" என்று இப்போது கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நீ குளி. நாளைக்கு அவகிட்ட ரெண்டு பொட்டலமா கேளு."