கட்டையில் அடைத்த ஈயம்

6-1-2003
நாள் முழுவதும் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நின்றேன். தோள் விண்விண்ணென்று தெறிக்கிறது. போன வருஷம் சுடும் பயிற்சியில் துப்பாக்கி உதைத்துக் காறை எலும்பு முறிந்தது. கூடிய பிறகும் வலி விட்டபாடில்லை. அடுத்த மாதம் மறுபடி பயிற்சி. ஐந்து தோட்டாவில் மூன்றாவது இலக்கில் பட வேண்டும். படாவிட்டால் வேலை இல்லை. ஐம்பத்து மூன்று வயசுப் பட்டாளத்துக்காரனை வேறு எவன் சேர்ப்பான்?

19-1-2003
கனமான துப்பாக்கி குறைவாக உதைக்கும் என்று பட்டாளத்தில் கேட்டது. துப்பாக்கியின் கட்டையில், தோளில் பதியும் பின்தகட்டைக் கழற்றி, மரத்தில் துளை போட்டு ஈயத்தை அடைத்தேன். ஆடாமல் இருக்க மெழுகு ஊற்றினேன். என் மனைவி சாவித்திரி தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

"பத்தலன்னா தறி ஜக்கார்டுல கனத்துக்குத் தொங்குற கம்பிங்கள அவுத்துக்குங்க. சேலையில பூ கோணலா போனா போவட்டும். உங்க தோளு நல்லா இருந்தா போதும்."

கம்பிகளைத் தொடவில்லை. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

22-1-2003
கனம் தாங்கவில்லை. மதியத்துக்குள் கை செத்துவிடுகிறது. இருக்கட்டும். உதைக்காமல் இருந்தால் சரி.

13-2-2003
பயிற்சி முடிந்தது. உதை நிஜமாகவே குறைந்திருந்தது, தோளில் யாரோ தட்டிய மாதிரிதான். ஆனால் நாலு தோட்டாவில் ஒன்றுகூடப் படவில்லை. வலிக்கவில்லையே — பிறகு ஏன்?

கடைசித் தோட்டாவைப் பயிற்சி நடத்தும் ஜெயவேல் தானே போட்டுக் கொடுத்தார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர். விசையை இழுத்தேன். டிக் என்றது, வெடிக்கவில்லை. மருந்தில்லாத தோட்டாவை வேண்டுமென்றே போட்டிருக்கிறார். நானோ கண்ணை இறுக மூடி, தோளைப் பின்னுக்கு இழுத்து, ஆளே துள்ளியிருந்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

"தோளு இல்லண்ணா. பயம்" என்று காதோரம் சொன்னார். அப்புறம் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "யாரு வரப்போறாங்க? போய் நின்னுகினு இருங்க."

எவ்வளவு ஈயம் அடைச்சா இது போவும்? என்னால முடியலையே, சாமி.

14-2-2003
பாஸ் என்று சொன்னதும் சாவித்திரி பாயசம் வைத்தாள். குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன்.

3-3-2003
ஆரணியிலிருந்து கலசப்பாக்கம் கிளைக்குப் பணம் போனது. ஜீப்பில் என் பக்கத்தில் காஷியர் ஹேமலதா, மடியில் பணப்பெட்டி. குழந்தைக்கு ஜுரம் என்று ராத்திரியெல்லாம் விழித்திருந்தாளாம்.

"கேஷ் எடுத்துகினு போறதுன்னாலே எனக்கு பேஜாருங்க. நீங்க கூட வந்தா பயமே இல்ல" என்றாள். போளூர் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.

எவனாவது வண்டியை மறித்தால் இந்தப் பெண் என்னைத்தானே திரும்பிப் பார்ப்பாள்?

ஆரணி திரும்பியதும் நேராக மேனேஜரிடம் போய், "எனக்குச் சுட வராது சார்" என்றேன்.

"தமாஷ் பண்ணாதீங்க" என்று சிரித்தார். தோட்டா பெல்ட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது.