லாண்ட்மாஸ்டரில் கட்டிய கயிறு

இஞ்சாருங்கோ,

நீங்கள் ஓடு வாங்கிக்கொண்டு வரும்வரை நிற்க நேரமில்லை. அம்மாவைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். புட்டும் கத்தரிக்காய்க் கறியும் மூடி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு கூரையில் ஏறாதீர்கள்.

நேற்றுச் சொன்னதற்குக் கோபம் என்றால் இருக்கட்டும், திரும்பவும் சொல்கிறேன். முகட்டுக்கு மேலால் கயிற்றைப் போட்டு, ஒரு நுனியைப் பின்வளவில் நிற்கிற லாண்ட்மாஸ்டரிலும் மற்ற நுனியை உங்கள் இடுப்பிலும் கட்டிவிட்டு ஏறப்போகிறீர்கள். அந்த உழவு மெசின் உங்களுக்கும் உங்கள் அண்ணைக்கும் பொது. "கயிறு கட்டியிருக்கிறது தெரியாதோ? அண்ணை என்ன குருடோ?" என்று சிரித்தீர்கள். அவர் என்றைக்காவது நம்மிடம் கேட்டு எடுத்திருக்கிறாரா? காதில் போனோடு வந்து, ஸ்ராட் பண்ணி, புகையிலைத் தோட்டத்துக்கு விட்டுவிடுவார். கயிற்றோடு உங்களையும் இழுத்துக்கொண்டு போவார். காலையிலிருந்து அவருக்குப் போன் எடுக்கிறேன், பதில் இல்லை.

கிணற்றடிப் பூவரசில் கட்டுங்கள். இடுப்பில் வெறும் கயிறு வேண்டாம், தம்பி தனோஜன் வேலைத்தளத்திலிருந்து கொண்டுவந்து தந்த பாதுகாப்பு பெல்ற்றைப் போடுங்கள். கயிறு தளராமல் இருக்கட்டும். நிலத்தைத் தொடுமளவு நீளமாய் விட்டால், விழுந்த பிறகுதான் அது உங்களைப் பிடிக்கும்.

வதனி

இதையும் பாருங்கள்: அண்ணை வந்து கத்தினால் பதிலுக்குக் கத்தாதீர்கள். மெசினைச் சுழற்றி ஸ்ராட் பண்ணுகிற கம்பியை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போகிறேன். நல்ல பாரம். நான் வந்த பிறகு அவர் என்னை ஏசட்டும்.