நைலான் நட்டு போட்ட கேரியர்

இன்று காலை ஆம்பூர் பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தேன். மகளின் சைக்கிளுக்குக் கேரியர் வாங்கியாயிற்று. மாட்டுவதற்கு போல்ட் வேண்டும். கடைக்காரர் எண்ணெய் பூசிய போல்ட்டுகளை அள்ளி மேசைமேல் போட்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் குரல் கேட்டது. ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஷூ கம்பெனியில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து மெஷின். வீட்டில் உட்கார்ந்து கையால் தைப்பதற்கும் தோல் மூட்டைகள் எடுத்துப்போவாய். அதற்குத்தான் பெரிய கேரியர். அதை மாட்ட போல்ட் வாங்க அன்று சைக்கிளைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனோம். "வீட்டுக்காரர அனுப்புமா" என்றார் கடைக்காரர். நீ அசையவில்லை.

"சாதா நட்டு வேணாம்ணா. உள்ள நைலான் வச்சது குடுங்க. எங்க மெஷின் ஆடுற ஆட்டத்துக்கு சாதா நட்டு ஒரு வாரம் நிக்காது. எங்க தெரு ரோடும் அப்டித்தான்."

வாசலுக்கு வந்து போல்ட்டைக் கேரியர் ஓட்டையில் வைத்துப் பார்த்து, "நீளம் ஜாஸ்தி, செயின்ல இடிக்கும்" என்று குட்டையானதைக் கேட்டாய். துருப்பிடிக்காத ஸ்டீல்தான் வேண்டுமென்றாய். எனக்குச் சலித்துவிட்டது.

"தோல் மூட்டைக்கு இன்னாத்துக்குடி இவ்ளோ பேஜாரு?"

"மூட்ட மட்டுந்தான் ஏறும்னு உனக்கு யார் சொன்னது?"

அந்த ஐப்பசி மழையில் நான்தான் ஏறினேன். ஏழாம் மாதம். ரத்தம் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் வெளியூரில். ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் நின்றதால் ஆட்டோ எதுவும் வரவில்லை. "தூங்கிடாத, எதுனா பேசிக்கினே வா" என்று என்னைக் கேரியரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தாய். முழங்கால் தண்ணீர் வந்ததும் இறங்கித் தள்ளினாய். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போதெல்லாம் என் பாரம் முழுக்க அந்த போல்ட்டுகளில்தான். ஒன்றும் அசையவில்லை.

நான் பிழைத்தேன். பையன் பிழைக்கவில்லை.

அதன் பிறகு உன்னைப் பார்த்தால் எனக்கு அந்தத் தண்ணீர்தான் தெரிந்தது. வேலையை விட்டேன். நீ வந்தபோதெல்லாம் நான் தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். உன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்தே ஒரு வருடம் போய்விட்டது. நீ ராணிப்பேட்டைக்கு வேலை மாறினாய். காய்ச்சல் என்றார்கள், பத்தே நாள் என்றார்கள். எனக்குச் செய்தி வந்தபோது அடக்கம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

எனக்கு மகள் பிறந்ததுகூட உனக்குத் தெரியாது.

நீ கடைசியாக வந்த மதியம்தான் இன்னும் என்னை விடவில்லை. வீட்டில் நான் மட்டும். கதவைத் தட்டினாய். உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தொறக்காட்டி பரவால்ல. சாப்ட்டியா? அத மட்டும் சொல்லு."

ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். சைக்கிள் ஸ்டாண்டை நீ தள்ளும் சத்தம் கேட்ட பிறகுதான் என் வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தேன்.