நான்கு மணிக் கட்டம்

12 ஜூலை 1994, செவ்வாய்
சரியான வெயில். லண்டன் எட்மண்டன் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. எங்கள் சாண்ட்விச் தொழிற்சாலையில் குளிரறைக் கதவில் தொங்கும் வெப்பநிலைத் தாளில், நாளின் கடைசிக் கட்டமான நான்கு மணிக் கட்டத்தை வழமைபோல் நானே நிரப்பினேன். மூன்று பாகை. அதைப் பார்த்து எழுத வேண்டிய றோஸ்மலரின் கையெழுத்தையும் நானே போட்டேன். பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிவர அவள் மூன்று மணிக்கே ஓட வேண்டும். எங்கட தமிழ்ப் பிள்ளை, நான் சூப்பர்வைசர், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? எப்போது பார்த்தாலும் மூன்று பாகைதானே.

14 ஜூலை, வியாழன்
செவ்வாய் மூன்று மணியளவில் குளிரறை மோட்டார் நின்றுவிட்டதாம். அதற்குள் கிடந்த முட்டை சாண்ட்விச் எல்லாம் புதன் விடியற்காலை வான் வண்டியில் முதியோர் நிலையம் ஒன்றுக்குப் போய்விட்டது. பதினொரு பேருக்கு வாந்தி. ஒரு வயதான அம்மா ஆஸ்பத்திரியில்.
மனேஜர் பீற்றர் தாளை மேசையில் விரித்தார். நான்கு மணி, மூன்று பாகை, றோஸ்மலர். அவளைக் கூப்பிட்டார். அவள் தாளையே பார்த்து நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் நின்றேன்.
நான் ஏன் வாய் திறக்கவில்லை? தெரியாது.

15 ஜூலை
விசாரணை முடியும்வரை அவளை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். நான் சாண்ட்விச்சுக்குப் பாண் அடுக்கினேன்.

17 ஜூலை, ஞாயிறு
றோஸ்மலர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தாள். "நீங்கள் நல்லதெண்டுதானே செய்தனீங்கள் அக்கா. நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். கொழும்பில் நிற்கும் புருசனை விசாவில் இங்கே கூப்பிட அவளுக்கு வேலைக் கடிதம் வேண்டும். வேலை போனால் அதுவும் போச்சு. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் அழுகையாவது வந்திருக்கும்.
நல்லதோ? இருபது அடி நடந்து கதவைத் திறந்து பார்க்க உனக்குப் பஞ்சி, சோம்பல் — அதுதானே விசயம், சிவனேஸ்வரி?

18 ஜூலை
தாளை நிரப்பியது நான்தான் என்று பீற்றரிடம் சொன்னேன். வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. அவர் கத்தவில்லை. மூன்று மணிக்குப் போக வேண்டுமென்று கேட்டிருந்தால் விட்டிருப்பேனே என்றார். கேட்கலாம் என்றே எனக்கும் றோஸ்மலருக்கும் தோன்றவில்லை.

22 ஜூலை
சூப்பர்வைசர் வேலை போய்விட்டது. சாண்ட்விச் மேசையில் இடம் தந்திருக்கிறார்கள். றோஸ்மலரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த அம்மா வீடு திரும்பிவிட்டாராம். சந்தோஷப்பட வேண்டும். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

6 செப்டெம்பர்
பள்ளி தொடங்கிவிட்டது. றோஸ்மலருக்கு மூன்று மணிக்குப் போக எழுத்தில் அனுமதி. தாளுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. இன்று இரண்டு மணிக் கட்டம் என்னுடையது. கதவைத் திறந்து பார்த்தேன். மூன்று பாகை. எழுதி, என் பெயரைப் போட்டேன்.
"பாத்திட்டோ எழுதினனீங்கள் அக்கா?"
"ஓம்" என்றேன்.
அவள் பேனையை வைத்துவிட்டு, தானும் போய்க் கதவைத் திறந்து பார்த்தாள்.