மீதியில் இருபத்தைந்து சதவீதம்

இன்று மாலை முட்டை வாங்கினேன். அட்டையில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. கடைக்காரர் அதை எடுத்துவிட்டு, அடுத்த அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அந்தக் குழியில் வைத்தார். அவ்வளவுதான். மீதிச் சில்லறையை வாங்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன். உன் நினைவு வந்துவிட்டது.

நாமக்கல் பக்கம் நாம் வேலை பார்த்த கோழிப்பண்ணையிலும் அதுதானே சட்டம். அட்டை என்றால் முப்பது. உடைந்ததை எடுத்த கையோடு குழியை நிரப்பிவிட வேண்டும். அந்தப் பண்ணையில் சோற்று வேளையில் உட்கார்ந்துதான் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்தோம். சூத்திரம் என்றாலே உனக்கு ஆகாது. சதவீதமோ பின்னமோ, எது வந்தாலும் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு என்று அட்டை வரைவாய். ஐந்தில் ஒரு பங்கா, ஒரு வரிசை. பத்து சதவீதமா, மூன்று முட்டை. நான் பேனாவைத் திறப்பதற்குள் விடை சொல்லிவிடுவாய். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

ஆனால் 'மீதியில்' என்று கேள்வியில் வந்துவிட்டால் போச்சு. அறுபது மாம்பழத்தில் ஐந்தில் ஒரு பங்கு அழுகிவிட்டது, மீதியில் இருபத்தைந்து சதவீதம் விற்றாயிற்று, இருப்பது எத்தனை? இரண்டு அட்டை வரைந்தாய். பன்னிரண்டை அடித்தாய். அடித்த இடத்திலேயே மறுபடி வட்டம் போட்டு நிரப்பிவிட்டு, நாற்பத்தைந்து என்றாய்.

"அழுகுனது எப்படி புள்ள திரும்பி வரும்?"

"அட்டைய ஓட்டையா உட்டா லாரியில ஏத்துவாங்களா?"

நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதினொரு வருடமாகக் கை அப்படிப் பழகியிருந்தது. ஒருத்தி போட்ட கணக்கை இன்னொருத்திதான் திருத்த வேண்டும் என்பது நம் ஒப்பந்தம். சிவப்புப் பேனாவால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன். வயது வரம்புப்படி உனக்கு அது கடைசித் தேர்வு. அந்தப் பயத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ இருமிக்கொண்டே சிரித்தாய்.

"எப்படியாச்சும் பாஸ் பண்ணி ஃபேனுக்கடியில உக்காரோணும் புள்ள. இந்தத் தீவனத் தூசி எனக்கு ஆவறதில்ல."

அடுத்த வாரம் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்து உன் வீட்டுக்காரர் உன் நோட்டை என்னிடம் கொடுத்தார். "படுக்கையிலயும் இதைத்தானுங்க வரைஞ்சுட்டுக் கிடந்தா. நீங்கதான் திருத்தோணும்னு சொன்னாளுங்க."

வாங்கி வைத்தேன், பிரிக்கவில்லை. தேர்வறையில் கேள்வித்தாள் ஓரத்தில் உன் அட்டையை வரைந்துதான் விடை கண்டுபிடித்தேன். இப்போதும் அப்படித்தான். நீ போய் நாலு வருடம்; பாஸாகித் தாலுகா ஆபீசில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து மூன்று வருடமாயிற்று. ஆனாலும் நோட்டைப் பிரிக்கத் துணிச்சல் வரவில்லை. தப்பாக இருந்தால் உனக்கு எப்படிப் பெருக்கல் குறி போடுவேன்?

இன்று பிரித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் அதே மாம்பழக் கணக்கு. கோடுகள் நடுங்கியிருக்கின்றன. இரண்டு அட்டை, அடித்த பன்னிரண்டு. அந்தக் குழிகளை நீ நிரப்பவில்லை. நாற்பத்தெட்டில் பன்னிரண்டு போக, முப்பத்தாறு.

சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து டிக் போட்டேன். சரியாகத்தான் போட்டிருக்கிறாய், புள்ள. நான்தான் திருத்த நாலு வருடம் எடுத்துக்கொண்டேன்.