ஒட்டிக்கொள்ளும் சொற்கள்

அன்பு அப்பா,

அம்மா வீட்டிலிருந்தே ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்குகிறாள். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இவ்வளவு கூலி என்று ஒப்புக்கொண்டுவிட்டாள். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லாக இருப்பது, அவள் எழுதினால் ‘வந்துவிடுவாரென்றுதான்’ என ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்கிறது. பாதிக் கூலி அதிலேயே போய்விடுகிறது.

“பிரிச்சு எழுதும்மா, எண்ணிக்கை கூடும்.”

“போடி, கூலிக்காகத் தமிழை உடைப்பாங்களா?”

“அப்போ இங்கிலீஷ் வார்த்தையை எண்ணச் சொல்லு.”

“முதல் வேலைடி. கேட்டா வேற ஆளைப் பார்த்துப்பாங்க.”

ஆனாலும் வேலை கொடுத்தவர்களிடம் அப்படிக் கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். இரண்டு நாளாக அனுப்பவில்லை. இன்று காலை அவள் குளிக்கப் போனபோது நான் அனுப்பிவிட்டேன்.

பதில் இன்னும் வரவில்லை. என்னால் உட்காரவே முடியவில்லை. வேலை போய்விட்டால் அம்மா திட்டமாட்டாள், பேசாமல் இருப்பாள். அது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

உங்கள்
புத்தகப் புழு